கிண்டி ராஃபிள்: 2 டாலர் டிக்கெட் எங்கே போகுது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா கடைசி அஞ்சு நிமிஷத்துல நேயர் கடிதங்களை எடுத்துக்குவேன். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதம்தான் முழு எபிசோடும். ஆக்லாந்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

அவங்க மகனுக்கு மூணரை வயசு. போன வாரம் கிண்டியில இருந்து அவன் பைக்குள்ள ஒரு ராஃபிள் அட்டையை வெச்சு அனுப்பியிருக்காங்க. பத்து டிக்கெட். ஒண்ணு 2 டாலர். கடிதத்தோட நடுப்பகுதியை அப்படியே படிக்கறேன்: "எங்க தாத்தா லாட்டரிச் சீட்டு வாங்கியே வீட்டை அடமானத்துல விட்டவர். இன்னிக்கும் லாட்டரின்னு பேச்செடுத்தா அப்பா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுவார். இப்ப என் பையனோட பள்ளிக்கூடமே சீட்டு விக்கச் சொல்லுது. இதை எங்க ஆளுங்ககிட்ட எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நீட்டுறது? நீட்டலேன்னா பையனை ஒரு மாதிரி பார்ப்பாங்களா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. இது சூதாட்டமா, தர்மமா? என்னை வற்புறுத்த அவங்களுக்கு உரிமை இருக்கா? ரெண்டுக்கும் பதில் சொல்லணும்னா கொஞ்சம் சட்டம், கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வரலாறு எல்லாம் வேணும். பொறுமையா வாங்க.

முதல்ல, நியூசிலாந்துல இல்லாத நேயர்களுக்காக. கிண்டின்னா சென்னையில இருக்கிற கிண்டி இல்லை. கிண்டர்கார்டனை இங்கே செல்லமா அப்படித்தான் சொல்றாங்க. இங்கே பெரும்பாலான பிள்ளைங்க அஞ்சாவது பிறந்தநாளை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி போறதெல்லாம் ஆரம்பகால மழலையர் மையம். கிண்டி, டேகேர், ப்ளேசென்டர், மாவோரி மொழியிலேயே நடக்கிற கோஹாங்கா ரேயோ, இப்படிப் பல வகை. இந்த நாட்டோட முதல் இலவசக் கிண்டர்கார்டன் 1889ல டனீடின் நகரத்துல ஆரம்பிச்சது. ஏழைப் பிள்ளைங்களுக்காக, ஊர்க்காரங்க கொடுத்த காசுல நடந்தது. ப்ளேசென்டர் 1941ல வெலிங்டன்ல தொடங்கினது. அதைப் பெற்றோரே சேர்ந்து நடத்துறாங்க. அதனால, பிள்ளைங்க மையத்துக்கு ஊரே சேர்ந்து காசு திரட்டுறது இங்கே புதுசு இல்லை.

அரசாங்கம் காசு கொடுக்கலையான்னா, கொடுக்குது. 2007 ஜூலையில இருந்து மூணு, நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் அரசு மானியம் உண்டு. அந்த 20 மணி நேரத்துக்கு மையம் கட்டாயக் கட்டணம் வாங்கக் கூடாது. நன்கொடை கேட்கலாம், ஆனா கொடுக்கிறது நம்ம இஷ்டம். மானியத்துல பெரும்பகுதி டீச்சர் சம்பளத்துக்கும் வாடகைக்கும் போயிடும். மண் தொட்டிக்கு மேல நிழல்துணி போடணும், ஏறி விளையாடுற மரச்சட்டம் இத்துப்போச்சு, பிள்ளைங்களைப் பண்ணைக்குக் கூட்டிட்டுப் போகப் பஸ் வேணும், இந்த மாதிரிச் செலவு வரும்போதுதான் பெற்றோர் கமிட்டி கூடி உட்காருது. உட்கார்ந்தா யாராவது ஒருத்தர் கட்டாயம் ராஃபிள்னு சொல்வாங்க.

பரிசெல்லாம் பெரிய விஷயமா இருக்காது. ஒரு தள்ளுவண்டி நிறைய மளிகைச் சாமான், ஈஸ்டர் சமயத்துல சாக்லேட் முட்டைக் கூடை, கிறிஸ்துமஸுக்கு ஹாம், குளிர்காலத்துக்கு முன்னாடி ஒரு டிரெய்லர் விறகு. கறி ராஃிளும் இங்கே ரொம்பப் பிரபலம். ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறியும் சாசேஜும் பரிசு. எனக்குத் தெரிஞ்ச ஒரு சுத்த சைவக் குடும்பத்துக்கு அது விழுந்துச்சு. அதை அப்படியே பக்கத்து வீட்டுச் சமோவாக் குடும்பத்துக்குக் கொடுத்தாங்க. அதுல ஆரம்பிச்ச பழக்கம், இப்ப ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களும் ஒரே கார்ல கிண்டிக்குப் போகுதுங்க.

சரி, அந்த அம்மாவோட தாத்தாவுக்கு வருவோம்.

ராஃபிள்ங்கிற வார்த்தை நமக்கொண்ணும் அந்நியமில்லை. 1968ல, அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ, அரசாங்கமே பரிசுச் சீட்டு கொண்டு வந்துச்சு. இங்கிலீஷ்ல அதுக்குப் பேரே ராஃபிள்தான். விழுந்தா வீட்டுக்கு, விழலேன்னா நாட்டுக்குன்னு அப்போ சொன்னது இன்னிக்கும் பெரியவங்க வாயில இருக்கு. யோசிச்சுப் பார்த்தா, கிண்டி ராஃபிளோட மொத்தத் தத்துவமும் அந்த ஒரு வரிதான். நாட்டுக்குப் பதிலா கிண்டிக்கு, அவ்வளவுதான். இலங்கையிலயும் இதே கதை. அங்கே அதிர்ஷ்டலாபச் சீட்டு, லொத்தர்னு சொல்வாங்க. தேசிய லொத்தர் சபை 1963ல வந்தது. யாழ்ப்பாணத்துல இருந்து வந்த என் நண்பர் இன்னிக்கும் இங்கே லோட்டோ கடையைப் பார்த்தா லொத்தர்க் கடைன்னுதான் சொல்வார்.

அப்புறம் ஏன் தமிழ்நாட்டுல லாட்டரிக்கு இவ்வளவு கெட்ட பேரு? தொண்ணூறுகளோட கதையைத் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிமாநிலச் சீட்டுகள், சுரண்டல் லாட்டரி, எல்லாத்துக்கும் மேல ஒரு நம்பர் லாட்டரி. ஒரு நாளைக்குப் பல தடவை குலுக்கல். காலையில விட்ட காசை மத்தியானம் பிடிக்கலாம், மத்தியானம் விட்டதைச் சாயங்காலம் பிடிக்கலாம்னு ஒரு நப்பாசை. தினக்கூலி வாங்குறவங்க வீட்டுக்குக் காசு கொண்டு போகலை. கடைசியில 2003ல ஜெயலலிதா அரசு லாட்டரியை முழுசா தடை பண்ணுச்சு. அந்த அம்மாவோட அப்பா எழுந்து போறது இந்த வரலாற்றுல இருந்து. அதை நான் கேலி பண்ண மாட்டேன்.

ஆனா அந்த அழிவுக்கு எது காரணம்னு பிரிச்சுப் பார்க்கணும். சீட்டு, குலுக்கல்ங்கிறது மட்டும் காரணம்னு எனக்குத் தோணலை. வேகம் காரணம். தோத்தவன் உடனே திரும்ப வாங்கலாம்ங்கிறது காரணம். அடிக்கிற பரிசு வாழ்க்கையையே மாத்திடும்ங்கிற கனவு காரணம். விக்கிறவனுக்குக் கமிஷன் இருந்தது காரணம். கிண்டி ராஃபிளை இதோட ஒப்பிடுங்க. நாலு வாரம் விக்கிறாங்க, ஒரே ஒரு குலுக்கல், அதோட முடிஞ்சுது. விட்ட காசைப் பிடிக்கலாம்னு நினைச்சாலும் அடுத்த ராஃபிள் வர அடுத்த வருஷம் ஆகும். ஜெயிச்சா ஒரு தள்ளுவண்டி அரிசி பருப்பு. அதை நம்பி யாரும் வேலையை விட மாட்டாங்க.

ஒரு ஆச்சரியம் என்னன்னா, தமிழ்நாடு லாட்டரியைத் தடை பண்ணின அதே 2003லதான் நியூசிலாந்து தன்னோட சூதாட்டச் சட்டத்தைப் புதுசா எழுதுச்சு. அவங்க தடை பண்ணலை, தரம் பிரிச்சாங்க. பரிசும் விற்பனையும் 500 டாலருக்குள்ள இருந்தா முதல் வகுப்பு. இதுல ஏதாவது ஒண்ணு 500ஐத் தாண்டிட்டா இரண்டாம் வகுப்பு. அதோட உச்ச வரம்பு, பரிசு 5,000 டாலர், விற்பனை 25,000 டாலர். இந்த ரெண்டுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. பரிசு மதிப்பு 5,000ஐத் தாண்டினா மூணாம் வகுப்பு, அதுக்கு உள்விவகாரத் துறைகிட்ட லைசென்ஸ் வாங்கணும். பார்ல, கிளப்புல இருக்கிற போக்கி மெஷின் நாலாம் வகுப்பு. அதுக்குக் கெடுபிடி அதிகம். ஆபத்து கூடக்கூட கடிவாளமும் இறுகும்ங்கிற ஏற்பாடு. நம்ம கிண்டி ராஃபிள் பெரும்பாலும் இரண்டாம் வகுப்புலதான் வரும்.

லைசென்ஸ் வேண்டாம்னா விதியே இல்லைன்னு அர்த்தமில்லை. இரண்டாம் வகுப்பு ராஃபிளைத் தனி ஆள் நடத்த முடியாது. லாப நோக்கம் இல்லாத ஒரு சங்கமோ அமைப்போதான் நடத்தணும். வர்ற காசு பொது நோக்கத்துக்குத்தான் போகணும். நடத்துறவங்களுக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது, அவங்க வாங்கவும் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். நியூசிலாந்துல நிறைய டேகேர்கள் தனியார் கம்பெனிகளோடது. அதுல தப்பில்லை, அது ஒரு தொழில். ஆனா கம்பெனி நடத்துற மையத்துக்குப் புதுச் சாமான் வாங்க ஊர்க்காரங்ககிட்ட ராஃபிள் டிக்கெட் விக்கிறது வேற விஷயம். அந்தச் சாமான் கடைசியில யாரோட சொத்து? அதனால உங்க கைக்கு அட்டை வந்ததும் முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: இந்த மையம் யாரோடது? கிண்டர்கார்டன் சங்கத்தோடதா, பெற்றோர் நடத்துறதா, கம்பெனியோடதா? மரியாதையா கேட்டா மரியாதையா பதில் வரும். நல்ல ராஃபிள்னா டிக்கெட்லயே நடத்துறவங்க பேர், எதுக்காக, என்ன பரிசு, மொத்தம் எத்தனை டிக்கெட், எந்த நாள் எந்த இடத்துல குலுக்கல்னு எழுதியிருக்கும்.

இப்போ கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கிட்டாலும் சரி, காதால கேட்டாலும் சரி.

ஒரு கிண்டியில 40 குடும்பம்னு வெச்சுக்குவோம். குடும்பத்துக்குப் பத்து டிக்கெட், மொத்தம் 400. ஒண்ணு 2 டாலர். எல்லாம் வித்தா 800 டாலர். மூணு பரிசு: 200, 80, 40 டாலர் மதிப்பு. மொத்தம் 320. அந்த 320ஐ 400 டிக்கெட்டுக்குப் பங்கு போட்டா, ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் சராசரியா 80 செண்ட் பரிசு இருக்கு. மீதி 1 டாலர் 20 செண்ட் நீங்க கொடுக்கிற தர்மம். பத்து டிக்கெட்டையும் நீங்களே வாங்கினாலும் ஏதாவது ஒரு பரிசு விழுற வாய்ப்பு நூத்துக்கு ஏழுதான். அதாவது ஜெயிக்கணும்னு வாங்குறவனுக்கு இது படு மோசமான பேரம். அது இப்படி இருக்கிறதுதான் சரியும்கூட. வாங்குறவனுக்கு லாபமா இருந்தா கிண்டிக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு பக்கத்துல இருந்து பாருங்க. பரிசையெல்லாம் கடைக்காரங்க நன்கொடையா கொடுத்துட்டாங்க, அச்சுச் செலவு 30 டாலர்னா, கிண்டிக்கு 770 டாலர் நிக்கும். அதே பரிசைக் கமிட்டி காசு போட்டு வாங்கியிருந்தா 450தான். டிக்கெட் ஒண்ணுதான், விலை ஒண்ணுதான், ஆனா குழந்தைகளுக்குப் போய்ச் சேர்றது கிட்டத்தட்டப் பாதியாயிடுது.

400ம் வித்துடும்ங்கிறது ஆசை. நிஜத்துல 250 வித்துதுன்னு வெச்சுக்குங்க. வசூல் 500 டாலர். பரிசு நன்கொடையா இருந்தா 470 மிச்சம். காசு கொடுத்து வாங்கினதா இருந்தா 150. நாலு வாரம் நாப்பது குடும்பம் அலைஞ்சதுக்கு 150 டாலர். அந்த நாப்பது குடும்பமும் ஆளுக்கு 4 டாலர் உண்டியல்ல போட்டிருந்தா அதைவிட அதிகம் வந்திருக்கும். அதனால நான் எந்தக் கமிட்டியில உட்கார்ந்தாலும் முதல்ல சொல்றது இதுதான்: பரிசு கையில வந்து சேராம டிக்கெட் அச்சடிக்காதீங்க. இந்த வேலையில நம்ம ஆளுங்க கெட்டிக்காரங்க. சாண்ட்ரிங்காம் பக்கம் இருக்கிற நம்ம மளிகைக் கடைகள்ல போய்க் கேட்டுப் பாருங்க. அரிசி மூட்டை கொடுக்கிறவர் இருக்கார், ஸ்வீட் பாக்ஸ் கொடுக்கிறவர் இருக்கார். கடைப் பேரை டிக்கெட்ல போட்டா அவருக்கும் சந்தோஷம்.

அடுத்தது, பலபேருக்குத் தெரியாத விஷயம். நியூசிலாந்துல அங்கீகாரம் பெற்ற ஒரு தர்ம அமைப்புக்கு 5 டாலரோ அதுக்கு மேலயோ நன்கொடை கொடுத்து ரசீது வாங்கினா, வருஷக் கடைசியில இன்லேண்ட் ரெவென்யூகிட்ட மூணுல ஒரு பங்கைத் திரும்பக் கேட்கலாம். வரிக்கு உட்பட்ட வருமானம் உங்களுக்கு இருக்கணும், அவ்வளவுதான். கணக்கு வருஷம் மார்ச் 31ல முடியுது. 30 டாலர் கொடுத்தா 10 டாலர் திரும்ப வரும். நிறையக் கிண்டிகளுக்கு இந்த அங்கீகாரம் இருக்கு. ஆனா ராஃபிள் டிக்கெட் வாங்கின காசுக்கு இது கிடையாது. ஏன்னா அதுல உங்களுக்குப் பதிலுக்கு ஒண்ணு கிடைக்குது, பரிசு விழுற வாய்ப்பு. அதனால சட்டத்தோட கண்ணுல அது நன்கொடை ஆகாது.

இதைக் கடிதம் எழுதின அம்மாவோட அட்டைக்குப் பொருத்திப் பாருங்க. பத்து டிக்கெட்டையும் அவங்களே வாங்கினா 20 டாலர் போகும், கிண்டிக்குக் கிடைக்கிறது பரிசு யார் வாங்கினதுங்கிறதைப் பொறுத்தது. அதுக்குப் பதிலா 30 டாலரை நேரா நன்கொடையா கொடுத்து ரசீது வாங்கினா, அவங்க கையை விட்டுப் போனது அதே 20 டாலர். கிண்டிக்குச் சேர்ந்தது முழுசா 30. லாட்டரிங்கிற வார்த்தையும் வீட்டுக்குள்ள வரலை. அப்பாவும் எழுந்து போக வேண்டாம்.

அப்போ ராஃபிளே வேண்டாமேன்னு கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாதாடிக்கிட்டிருந்தேன். ஆனா நன்கொடை கேட்டா யார் கொடுப்பாங்க? ஏற்கனவே பிள்ளை அங்கே படிக்கிற அதே நாப்பது குடும்பம். ராஃபிள் அவங்களைத் தாண்டிப் போகும். ஆபீஸ்ல பக்கத்துச் சீட்டுக்காரர், தெருமுனை டெய்ரிக் கடைக்காரர், தனியா இருக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி. இவங்ககிட்டப் போய் என் பையன் கிண்டிக்கு 2 டாலர் கொடுங்கன்னு கேட்க நமக்கும் கூச்சம், அவங்களுக்கும் சங்கடம். டிக்கெட்டை நீட்டினா ரெண்டு பேருக்கும் சிரிக்க ஒரு சாக்கு இருக்கு. விறகு விழுந்தா உங்க வீட்டுக்கு நானே கொண்டு வந்து அடுக்கறேன்னு சொல்லி வித்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். விழுந்துச்சு, அடுக்கவும் செஞ்சார்.

ராஃபிளுக்கு இன்னொரு மாற்று இருக்கு, அதைப் பத்தி நம்ம ஆளுங்க அதிகம் பேசறதில்லை. போக்கி மெஷின் காசு. பார், கிளப்புல இருக்கிற அந்த மெஷின்களை நடத்துற அறக்கட்டளைகள், வருமானத்துல குறைஞ்சது 40 சதவீதத்தைப் பொதுக்காரியங்களுக்குத் திருப்பித் தரணும்னு விதி. விளையாட்டுக் கிளப், பள்ளிக்கூடம், மழலையர் மையம் எல்லாம் விண்ணப்பம் போடுவாங்க. ஒரு ஃபாரம் நிரப்பினா ராஃபிள்ல பத்து வருஷம் திரட்டுறது ஒரே காசோலையில வந்துடும். யாரும் வீடு வீடா போக வேண்டாம். ஆனா அந்த மெஷின்கள் வசதி குறைஞ்ச பகுதிகள்லதான் நெருக்கமா இருக்கு. அதுல காசைத் தொலைக்கிறவர் நம்ம கடிதத்துல வந்த தாத்தா மாதிரி ஒருத்தர். அவர் பேரனும் அதே கிண்டிக்குத்தான் வருவான். அந்தக் காசை வாங்க மாட்டோம்னு முடிவெடுத்த கமிட்டிகளும் உண்டு, ஊஞ்சல் உடைஞ்சு கிடக்குதே, வேற வழி என்னன்னு வாங்கின கமிட்டிகளும் உண்டு. ரெண்டாவது ஆளுங்களை நான் குறை சொல்ல மாட்டேன். என் ஓட்டு என்னவோ தள்ளுவண்டி ராஃபிளுக்குத்தான். இதுல காசைக் கொடுக்கிறவருக்கு எதுக்குக் கொடுக்கிறோம்னு தெரியும், எவ்வளவு போகும்னும் தெரியும்.

இனி ரெண்டாவது கேள்வி, வற்புறுத்தல். அட்டையைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு டிக்கெட்கூட விக்காம கொடுக்கலாம். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. சில இடத்துல விக்காத டிக்கெட்டை நீங்களே வாங்கிக்கணும்னு ஒரு வரி எழுதி அனுப்புவாங்க. எனக்கு அது பிடிக்காது. மறைமுகக் கட்டணம் மாதிரி ஆயிடுது. 20 டாலர் ஒரு வீட்டுக்குக் காபிக் காசு, இன்னொரு வீட்டுக்கு ரெண்டு நாள் காய்கறி. மத நம்பிக்கைக்காக ராஃபிளே தொடாத குடும்பங்களும் இருக்காங்க, முஸ்லிம் குடும்பங்கள்ல நிறையப் பேர், சில கிறிஸ்தவச் சபைக்காரங்களும். அதனால நல்ல கமிட்டி அட்டையோட ஒரு சின்னச் சீட்டு வெச்சு அனுப்பும்: டிக்கெட் வேண்டாம்னா நன்கொடை கொடுக்கலாம், ஒரு சனிக்கிழமை வந்து மண் அள்ளிப் போடலாம், எதுவும் முடியலேன்னாலும் பரவாயில்லை. உங்க கிண்டியில அப்படி ஒரு சீட்டு இல்லேன்னா, அதைக் கேட்கிற முதல் ஆளா நீங்க இருங்க. டீச்சர்கிட்ட இப்படிச் சொன்னாப் போதும்: "எங்க வீட்டுல ராஃபிள் வாங்கறதில்லை, வேற விதமா உதவ விரும்பறோம்." பையனை யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டாங்க. அட்டை யாருக்கு எத்தனை போச்சு வந்துச்சுங்கிற கணக்கு கமிட்டியோட இருக்கணும், சுவர்ல பேர் போட்டு ஒட்டக் கூடாது. ஒட்டியிருந்தா எடுக்கச் சொல்லுங்க.

விக்கிறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம ஆளுங்க எதையும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுவோம். ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் நம்பர் போட்டு, பிடிச்ச நம்பருக்கு நேரா பேரை எழுதுங்க, காசை அக்கவுண்ட்ல போடுங்கன்னு. ஃபேஸ்புக்லயும் இது ரொம்ப நடக்குது. இந்த மாதிரி இணையத்துல டிக்கெட் விக்கிறது நியூசிலாந்துச் சட்டப்படி தப்புன்னு உள்விவகாரத் துறை எச்சரிச்சிருக்கு, நல்ல காரியத்துக்குன்னாலும் சரி. இப்படி ஒரு ராஃபிள் நடக்குது, டிக்கெட் வேணும்னா சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசல்ல என்னைப் பாருங்கன்னு விளம்பரம் பண்ணலாம். டிக்கெட் பேப்பர்ல கைமாறட்டும்.

பரிசுலயும் கவனம் வேணும். 2005ல வந்த விதிமுறை சில பொருட்களைப் பரிசா வைக்கக் கூடாதுன்னு பட்டியல் போட்டுச்சு. புகையிலை, துப்பாக்கி, அப்புறம் மாவோரி மக்களோட பாரம்பரியக் கலைப்பொருட்கள். விதிகள் அப்பப்போ மாறும். அச்சடிக்கிறதுக்கு முன்னாடி துறையோட வலைத்தளத்தை ஒரு தடவை பார்த்துடுங்க.

குலுக்கல் நாளைப் பத்திக் கொஞ்சம் சொல்லி முடிச்சுக்கறேன். சந்தேகம் கிளம்புறதெல்லாம் இங்கேதான். விக்காத டிக்கெட்டை முதல்லயே எண்ணித் தனியா எடுத்து வெச்சுடணும், வாளிக்குள்ள போகக் கூடாது. வித்த டிக்கெட்டோட அடிக்கட்டை எத்தனை, அதை 2 டாலரால பெருக்கினா எவ்வளவு, பெட்டியில இருக்கிற காசு எவ்வளவு, இதை ரெண்டு பேர் சேர்ந்து எண்ணி எழுதிக் கையெழுத்துப் போடணும். அந்த ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா இல்லாம இருக்கிறது நல்லது. அடிக்கட்டையெல்லாம் ஒரே மாதிரி மடிச்சிருக்கணும். பிள்ளைங்க முன்னாடி, பெற்றோர் வந்து கூட்டிட்டுப் போற நேரத்துல குலுக்கினா எல்லாரும் பார்ப்பாங்க. கமிட்டித் தலைவர் கையை விட்டு எடுக்கிறதைவிட நாலு வயசுப் பொண்ணு எடுத்தா யாரும் வாய் திறக்க மாட்டாங்க. ஒரு தடவை ஒரு வாண்டு முதல் பரிசுச் சீட்டை எடுத்த கையோட வாயில போட்டுடுச்சு. நல்லவேளை, நம்பர் தெரிஞ்சுது.

ஜெயிச்சவங்க நம்பரை அன்னிக்கே அறிவிப்புப் பலகையில போடணும். ஒரு வாரத்துக்குள்ள இன்னொரு தாளும் ஒட்டணும்: எத்தனை டிக்கெட் வித்துது, செலவு எவ்வளவு, கிண்டிக்கு எவ்வளவு, அதை வெச்சு என்ன வாங்கப் போறோம். நிழல்துணி வந்ததும் அந்தத் தாளுக்குப் பக்கத்துலயே ஒரு போட்டோ. பரிசு கொடுத்த கடைக்காரருக்கு அதே போட்டோவோட ஒரு நன்றிக் கடிதம், முடிஞ்சா பிள்ளைங்க கிறுக்கின படத்தோட. அடுத்த வருஷம் அவர்கிட்ட அரிசி மூட்டை கேட்டுப் போறவங்களுக்கு அது உதவும்.

அந்த அம்மாவோட கடிதத்துல கடைசியா ஒரு வரி இருந்தது. டிக்கெட் அட்டையைப் பையன் தன்னோட ஓவியம்னு நினைச்சு ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கானாம். அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறதா இருந்தா அவன் தூங்கினப்புறம் எடுங்க. அடுத்த எபிசோட்ல, பிள்ளைங்க அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் மாறும்போது தமிழ் என்ன ஆகுதுங்கிறதைப் பேசலாம்.